டெல்லிக் கற்களில் யாருடைய பெயர்?

டிசம்பர் விடுமுறைக்கு ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் ஆர்.கே.புரம், மயூர் விஹார், ஜனக்புரித் தமிழ் வீடுகளில் போடும் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். மலை மந்திர், குதுப் மினார், செங்கோட்டை, ஒரு நாள் ஆக்ரா, ஒரு மாலை இந்தியா கேட். அங்கே குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்த வளைவின் சுவர்களில் 13,300-க்கும் அதிகமான பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சென்னை மாகாணப் படைப்பிரிவுகளில் சேர்ந்து அன்றைய வடமேற்கு எல்லையில் (இன்றைய பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லைப் பகுதி) செத்தவர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் அதே இடம் வேறு மாதிரித் தெரியும்.

போர் நினைவுச் சின்னம் எதன் முன் நின்றாலும் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு. இந்தக் கல்லை யார் வைத்தார்கள்? எந்த ஆண்டு? யாருக்குப் பெயர் போட்டிருக்கிறது? யார் வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள்? வழிகாட்டி சொல்லும் வீரக் கதைகளைவிட இந்த நான்குக்கும் கிடைக்கும் விடைகள் அதிகம் சொல்லும். டெல்லியில் இதைப் பழகிப் பார்க்க வசதி அதிகம்: 1857 சிப்பாய்க் கிளர்ச்சி, இரண்டு உலகப் போர்கள், சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்கள் எல்லாமே மெட்ரோ எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இந்தியா கேட்டிலிருந்தே தொடங்கலாம். லட்யன்ஸ் வடிவமைத்த வளைவு, உயரம் 42 மீட்டர். 1921 பிப்ரவரியில் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1931 பிப்ரவரியில் வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்தார். உச்சியில் 'இந்தியா' என்ற சொல்லுக்கு இரு பக்கமும் ரோமன் எண்களில் 1914, 1919 என்று இருக்கும். முதல் உலகப் போர் 1918-இல் முடிந்துவிட்டதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1919-இல் நடந்த மூன்றாம் ஆப்கன் போரையும் சேர்த்துத்தான் அந்த ஆண்டு. பலரும் கவனிக்காமல் விடுவது இதற்கடுத்த விஷயம். பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கலிபோலி என்று எல்லாக் களங்களிலும் விழுந்த இந்தியப் படையினருக்கும் சேர்த்து எழுப்பிய சின்னம்தான் இது. ஆனால் சுவரில் பெயர் இருப்பது அவர்கள் அனைவருக்கும் அல்ல. வடமேற்கு எல்லையிலும் ஆப்கன் போரிலும் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்கள், சிந்து நதிக்கு மேற்கே பராமரிக்க முடியாத இடுகாடுகளில் கிடப்பவர்கள் ஆகியோரின் பெயர்கள்தான் இங்கே. எங்கள் கொள்ளுத்தாத்தா பஸ்ராவுக்குப் போனவர், அவர் பெயர் இந்தியா கேட்டில் இருக்கும் என்று தேடி வருபவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கான சின்னம் இராக்கின் பஸ்ராவில் இருக்கிறது. பிரான்ஸில் இறந்தவர்களுக்கு நூவ் ஷப்பேலில். கலிபோலியில் இறந்தவர்களுக்குத் துருக்கியின் ஹெல்லஸில்.

பஸ்ரா சின்னத்தில் வேறொரு கொடுமையும் உண்டு. பிரிட்டிஷ்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களை, இந்தப் பட்டாளத்தில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணாக எழுதி முடித்தார்கள். அப்படி எண்ணாகப் போனவர்கள் 33,000-க்கும் மேல். அதை வைத்துப் பார்த்தால் டெல்லி வளைவில் ஒரு சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் கிடைத்திருப்பது சின்ன விஷயமில்லை.

வளைவைச் சுற்றித் தடுப்பு உண்டு. கிட்டே போய் விரல் வைத்துப் படிக்க முடியாது. உயரத்தில் இருக்கும் வரிகள் வெறும் கண்ணுக்கு எட்டாது. ஆகவே தேடும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தோர் பட்டியலைக் கட்டணமில்லாமல் தேடலாம். முதல் உலகப் போர், இந்தியப் படை என்று தேர்ந்தெடுங்கள். நினைவிடத்தின் பெயராக 'டெல்லி மெமோரியல்' என்று கொடுங்கள். ஆணையம் இந்தியா கேட்டை அழைப்பது அப்படித்தான். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அவர்களின் ஒற்றைப் பெயரைப் பட்டியலில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயரின் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் அடித்துத் தேடுவது நல்லது. முழுப் பெயரையும் அடித்தால் பெரும்பாலும் எதுவும் வராது. முனுசாமியையும் ராமசாமியையும் அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள்; 'சாமி' என்ற ஒன்றுக்கே ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் வரும்.

பெயர் தெரியாவிட்டால் பட்டாளத்தை வைத்துத் தேடலாம். விக்டோரியா ராணியின் பெயர் தாங்கிய இரண்டாம் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ், 61, 64, 81-ஆம் பயனியர்கள், 73, 75, 79, 80, 86, 88-ஆம் கர்நாட்டிக் காலாட்படைகள், 83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை. ராணுவத்தில் இன்றும் 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்கள்தான் இவர்களில் அதிகம் பேருக்குத் தெரிந்தவர்கள்: பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா இருக்கும். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் என்ற பழைய ஜில்லாப் பெயர்களில்தான் தேட வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம், தர்மபுரி மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. கிடைத்த பட்டியலைக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். சுவரில் எந்தப் பகுதி என்ற குறிப்பு இருந்தால் எழுதிக்கொண்டு, நல்ல ஜூம் உள்ள கேமராவோடு காலையிலேயே போங்கள். வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில்தான் கல்லில் வெட்டிய எழுத்து நிழல் காட்டும். உச்சி வெயிலில் எல்லா எழுத்தும் தட்டையாகிவிடும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலை மூடுபனி கலையப் பத்து மணிக்கும் மேல் ஆகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வளைவுக்குக் கிழக்கே இருக்கும் கல் மண்டபத்தில் ஐந்தாம் ஜார்ஜின் சிலை நின்றது. 1968-இல் அதை அகற்றி நகரின் வடகோடியில் உள்ள கொரனேஷன் பார்க்கில் வைத்தார்கள். 2022 செப்டம்பரிலிருந்து அதே மண்டபத்தில் சுபாஷ் சந்திர போஸ் நிற்கிறார். வளைவின் கீழ் 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில் பக்கத்துத் தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். ஜோதியைத் தேடி வளைவுக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களை மண்டபத்துக்கு அப்பால் அனுப்புங்கள்.

தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த வீபி டிசைன் லேப் நிறுவனத்தின் யோகேஷ் சந்திரஹாசன். உலகப் போட்டியில் தேர்வான வடிவம் இது என்பதை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். நடுவில் சுடரும் தூபியும் உள்ள அமர் சக்கரம், அடுத்து வெண்கலச் சுவர்ச் சிற்பங்கள் ஆறு உள்ள வீர்தா சக்கரம், அதற்கு அடுத்தது பெயர்கள் பொறித்த தியாக் சக்கரம், கடைசியில் மரங்களே அரணாக நிற்கும் ரக்ஷக் சக்கரம். தியாக் சக்கரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு கருங்கல் பலகை. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் கல்லின் அளவு ஒன்றே. இந்தியா கேட்டில் எட்டாத பெயர்கள் இங்கே கண்மட்டத்தில் இருக்கின்றன.

நுழைவு இலவசம், பாதுகாப்புச் சோதனை உண்டு, பெரிய பை வேண்டாம். சூரியன் மறைவதற்கு முன் நடக்கும் மாலைச் சடங்கில், வீழ்ந்த வீரர் ஒருவரின் குடும்பத்தார் மலர்வளையம் வைப்பார்கள். இதைப் பார்க்காமல் வரக்கூடாது. நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும்: டிசம்பரில் டெல்லியில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும், ஜூனில் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள். அந்தக் குடும்பம் நிற்கும்போது அவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

வளாகத்தின் இன்னொரு பகுதியில் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அங்கே இருக்கிறார். 1987 நவம்பர் 25-இல் இலங்கையில் அமைதிப்படையில் இறந்தவர். தமிழர்களுக்கு அந்தச் சிலையின் முன் நிற்பது எளிதல்ல. அதே போரில் யாழ்ப்பாணத்தில் செத்த பொதுமக்களின் பெயர்களுக்கு டெல்லியில் கல் இல்லை. பரமேஸ்வரனின் துணிவுக்கு மரியாதை செலுத்துவதற்கும் அந்த மக்களை நினைப்பதற்கும் ஒருவர் மனதில் ஒரே நேரத்தில் இடம் இருக்க முடியும், இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி 1857. ஒரு காலைப்பொழுதில் நடந்தே பார்க்கக்கூடியது காஷ்மீரி கேட்டிலிருந்து செங்கோட்டை வரையான பாதை. இரண்டு கிலோமீட்டர் அளவுதான். காஷ்மீரி கேட் மெட்ரோவுக்குச் சிவப்பு, மஞ்சள், ஊதா மூன்று தடங்களும் வரும். வெளியே வந்ததும் நிக்கல்சன் இடுகாடு. டெல்லியைத் தாக்கிய படையின் முன்னணித் தளபதி ஜான் நிக்கல்சன் 1857 செப்டம்பர் 14-இல் சுடப்பட்டு 23-ஆம் தேதி இறந்தார். அவர் கல்லறை இங்கே. விசாரணையின்றித் தூக்கிலிட்ட ஆள் என்பதையும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். அதே இடுகாட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் போன கைக்குழந்தைகளின் கல்லறைகள் நிறைய. அவற்றின் தேதிகளைப் படித்தால் அந்தக் காலத்து டெல்லிக் கோடை எப்படிப்பட்டது என்று புரியும். படம் எடுக்கும் முன் காவலாளியிடம் கேட்டுவிடுங்கள்.

சாலையைக் கடந்தால் காஷ்மீரி கேட். இரட்டை வளைவு, செங்கல் மதில், பீரங்கிக் குண்டு பட்ட பள்ளங்கள் இன்னும் தெரியும். செப்டம்பர் 14 காலையில் வெடிமருந்துப் பைகளை இந்தக் கதவில் சார்த்தி வெடித்துத்தான் பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்தது. 1876-இல் நேப்பியர் பிரபு பதித்த பலகை மதிலில் இருக்கிறது. அதைப் பொறுமையாகக் கடைசி வரி வரை படியுங்கள். ஹோம், சால்கெல்டு என்ற லெப்டினன்ட்டுகள், ஆங்கிலேய சார்ஜென்ட்டுகள் எல்லோரும் முடிந்த பிறகு சுபேதார் துலா ராம், ஜமேதார் பிஸ் ராம், ஹவில்தார் மாதோ, ஹவில்தார் திலோக் சிங், சிப்பாய் ராம் ஹேத் என்று வரும். இந்தியச் சிப்பாய்க்கும் பெயர் போட்ட அபூர்வமான 1857 கல் இது. ஆனால் யாருடைய பக்கம் நின்று போரிட்டதற்காக அந்தப் பெயர் கிடைத்தது என்பதையும் பாருங்கள். உள்ளேயிருந்து நகரத்தைக் காத்தவர்களில் ஒருவருக்கும் இங்கே பெயரில்லை.

தெற்கே லோதியன் சாலையில் நடந்தால் மஞ்சள் வண்ணத்தில், ஜேம்ஸ் ஸ்கின்னர் என்ற ராணுவ அதிகாரி கட்டிய செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். அதைத் தாண்டிப் போனால் சாலை நடுவே, இரு பக்கமும் வாகனங்கள் பாய, பழைய ஆயுதக்கிடங்கின் வாயில்களும் தந்தி அலுவலக ஊழியர்களுக்கான நினைவுத் தூணும் நிற்கின்றன. 1857 மே 11 அன்று கிளர்ச்சியாளர் கையில் சிக்காமலிருக்க ஆங்கிலேயர்களே கிடங்கை வெடித்தார்கள். வாயிலில் இரண்டு பலகைகள். மேலே உள்ளது 1888-இல் அரசு வைத்தது: கிடங்கைக் காத்த ஒன்பது ஆங்கிலேயரைப் புகழ்ந்து, எதிர்த்தவர்களைக் கலகக்காரர்கள் என்கிறது. கீழே உள்ளது சுதந்திரத்துக்குப் பின் வந்தது: மேலே கலகக்காரர் என்று சொல்லப்பட்டவர்கள் அன்னிய ஆட்சியைத் தூக்கியெறிய முயன்ற கம்பெனிப் படையினர் என்று திருத்துகிறது. மேல் பலகையை உடைத்து எறியாமல், கீழே பதில் எழுதி வைத்தது மிகச் சரியான முடிவு. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குத்தான் வரலாறு கிடைக்கும். இங்கே நிற்க இடம் குறைவு. குழந்தைகளின் கையை விடாதீர்கள். ஞாயிறு காலையில் போக்குவரத்து கொஞ்சம் அடங்கியிருக்கும்.

மங்கிப்போன எழுத்தைப் படிக்கச் சிலர் சாக்பீஸ் தேய்க்கிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள். செய்யவே கூடாது. செம்மணற்கல் ஈரத்தை உறிஞ்சி, பிறகு மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிரும். சாக்பீஸ் தூள் எழுத்தின் குழிகளில் தங்கிவிடும். போன் டார்ச்சைக் கல்லின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தாலே போதும், எழுத்து எழும்பி வரும். இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று படம் எடுக்கட்டும். வீட்டுக்குப் போய்த் திரையில் பெரிதாக்கிப் படிக்கலாம்.

பழைய பலகைக்குப் பதில் பலகை வைக்கும் இதே பழக்கத்தை ரிட்ஜ் என்ற குன்றுக் காட்டில் உள்ள அஜீத்கட்டிலும் பார்க்கலாம். 1863-இல் பிரிட்டிஷார் தங்கள் வெற்றிக்காகச் செங்கல்நிற மணற்கல்லில் எழுப்பிய கோதிக் கோபுரம். பக்கங்களில் படையணிகள், மோதல்கள் நடந்த தேதிகள், இறந்த அதிகாரிகளின் பெயர்கள். சிப்பாய்கள், ஐரோப்பியர் இத்தனை, உள்நாட்டார் இத்தனை என்று அட்டவணைக் கணக்காக மட்டும். 1972-இல் சேர்த்த பலகை, இங்கே 'எதிரி' எனப்பட்டவர்கள் விடுதலைக்காகப் போரிட்டவர்கள் என்கிறது. புல் பங்கஷ் மெட்ரோவில் இறங்கி, ரிக்ஷாக்காரரிடம் ஹிந்து ராவ் ஹாஸ்பிட்டல் என்று சொன்னால்தான் புரியும். அருகிலேயே, ஃபிரோஸ் ஷா துக்ளக் மீரட்டிலிருந்து கொண்டுவந்த அசோகர் தூணும் இருக்கிறது. காடு என்பதால் பகலிலேயே, தனியாகப் போகாமல் போய் வாருங்கள். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும்.

செங்கோட்டைக்குள் எல்லோரும் திவானி ஆம், திவானி காஸ் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இடையில் அசிங்கமாக நிற்பதாகத் தோன்றும் மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 1857-க்குப் பிறகு அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துவிட்டு பிரிட்டிஷ் ராணுவம் கட்டிய பாசறைகள் அவை. 2019 ஜனவரியில் அவற்றில் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன: ஒன்று போஸுக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும், ஒன்று 1857-க்கு, ஒன்று ஜாலியன்வாலா பாக்குக்கும் முதல் உலகப் போருக்கும். 1858-இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை இதே கோட்டையில் விசாரித்தார்கள். 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் இங்கேயே விசாரணைக்கு நிறுத்தினார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில். கேப்டன் லட்சுமியின் பெண்கள் படையிலும் தோட்டத்துப் பெண்கள் நிறைய. காட்சிப் படங்களில் அவர்கள் முகங்களைத் தேடுங்கள். படத்தின் கீழே பெரும்பாலும் பெயர் இருக்காது. பாசறைகளுக்கென்று தனியாக இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும், அரண்மனையைப் பார்த்துக் களைத்த பிறகு போனால் ஒன்றும் மனதில் ஏறாது.

தீன் மூர்த்தி சவுக்கில் நிற்கும் மூன்று வெண்கல வீரர்கள் ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் சமஸ்தானக் குதிரைப்படைகளுக்கானவர்கள். 1918 செப்டம்பர் 23-இல் ஹைஃபாவைப் பிடித்த தாக்குதலில் மைசூர், ஜோத்பூர் வீரர்கள் இருந்தார்கள். போகிற வழியில் பார்த்தால் போதும்.

பிரார் ஸ்கொயரில் உள்ள டெல்லிப் போர்க் கல்லறைக்குத் தனியாகப் போக வேண்டும். வட இந்தியாவின் பல கன்டோன்மென்ட்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை 1951-இல் இங்கே ஒன்றுசேர்த்தார்கள். ஒரே அளவு வெள்ளைக் கற்கள்; படையின் சின்னம், எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது, கீழே குடும்பம் சொல்லித் தந்த ஒரு வரி. இந்துக்களும் சீக்கியர்களும் தகனம் செய்யப்பட்டதால் அவர்களுக்குக் கல்லறை இராது. போர்முனைக்கு வெளியே இறந்த 25,000-க்கும் மேற்பட்ட அன்றைய இந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் இதே வளாகத்தில் உள்ளது. அதன் இணை கராச்சியில். நாடு பிரிந்த பிறகும் அந்த இறந்தவர்களைப் பிரிக்க முடியவில்லை. தாத்தா இரண்டாம் போரில் பூனாவிலோ டேராடூனிலோ ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டோக்காரரிடம் 'வார் செமெட்ரி' என்றால் இந்தியா கேட்டுக்குக் கொண்டுபோய் விடுவார். தௌலா குவானில் இறங்கி, பிரார் ஸ்கொயர், பேஸ் ஹாஸ்பிட்டல் பக்கம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் ராணுவத் தகன மைதானம் இருக்கிறது. ராணுவ இறுதிச் சடங்கு நடக்கும் நாட்களில் சாலையை நிறுத்திவிடுவார்கள், அப்போது வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுவதே முறை. சுற்றியிருப்பது கன்டோன்மென்ட் என்பதால் இடுகாட்டுக்கு வெளியே கேமராவை எடுக்காதீர்கள்.

நாள் தேர்வில் தவறினால் பயணமே வீண். செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் பொதுமக்களை விடமாட்டார்கள். ஜனவரி நடுவிலிருந்து குடியரசு நாள் ஒத்திகைகளுக்காக கர்த்தவ்ய பாதையையும் இந்தியா கேட் பகுதியையும் அவ்வப்போது மூடுவார்கள். பொங்கல் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் சரியாக அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களை அந்த வாரத்தில் காஷ்மீரி கேட்டுக்கும் பிரார் ஸ்கொயருக்கும் கூட்டிப் போங்கள். நேரம் மிஞ்சினால் ஜி.டி.பி. நகர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்து கொரனேஷன் பார்க் போகலாம்: 1877, 1903, 1911 தர்பார்கள் நடந்த திடல், 1911 டிசம்பர் 12-இல் தலைநகரை கல்கத்தாவிலிருந்து மாற்றும் அறிவிப்பு வந்த இடம், இந்தியா கேட்டிலிருந்து பெயர்த்த ஐந்தாம் ஜார்ஜ் இப்போது நிற்கும் இடம். மே, ஜூனில் அங்கே நிழலே கிடையாது. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.